எந்தக் கால்?

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்குப் போகிறவர்கள், முதலில் வீட்டில் பாதத்தைக் கழுவிக்கொண்டுதான் போகிறார்கள். வேதத்தில் இப்படி இல்லை. எங்கள் கோயில் பங்கில் இதுதான் சம்பிரதாயம். ஒரு வருடம் நானும் பன்னிரண்டு சீடர்களில் ஒருவனாக உட்கார்ந்தேன். முந்தின நாளே என் மனைவி பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துக்கொண்டு என் குதிகாலைத் துரத்தினாள். "ஊரே பார்க்கப் போகுது, மானம் போயிரும்" என்றாள். கடைசி இராப்போஜனத்தில் ஆண்டவர் பந்தியிலிருந்து எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தெருப்புழுதியில் நடந்து வந்த சீடர்களின் கால்களை அடிமையைப் போலக் குனிந்து கழுவினார் என்பது அன்றைய நாளின் செய்தி. எங்கள் கால்களில் புழுதி ஏது? எங்கள் வரிசையே முகப் பவுடர் மணத்தது. என் பாதத்தை முத்தமிடக் குனிந்த ஃபாதருக்குத் தும்மல் வந்துவிட்டது.

பாருங்கள், சிரிக்க வைக்க ஆரம்பித்துவிட்டேன். பழக்கதோஷம். எழுத வந்தது ஒரு பெண்மணியின் இடது காலைப் பற்றி. அதைக் காப்பாற்ற ஆறு வாரங்கள் இருந்தன. அந்த ஆறு வாரங்களும் வீணாய்ப் போனதில் எனக்குப் பங்கு உண்டு. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரைக் கேட்காமல் ஒருமுறை அவர் பெயரை எழுதியிருக்கிறேன். அது போதும்.

அவர் படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்தார். கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளில் பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க, உள்ளறையில் படுத்திருக்கும் பெரியவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப்போட்டு, ஊட்டிவிடுகிற வேலை. பிறகு எங்கள் பக்கம் வந்தார். நான் கடற்கரையோரம் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் நூலகர். புத்தகங்களை வாசகர்களிடமிருந்து காப்பாற்றுவது என் உத்தியோகம். திருச்சியிலிருந்து வந்து சேர்ந்த என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது, பங்கில் யாரோ சொல்லி அவர் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நாங்கள் அக்கா என்று கூப்பிட்டோம்.

வந்த முதல் நாள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கினார். கைப்பேசியின் வெளிச்சத்தில் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார்.

"மூஞ்சி இந்தப் பக்கம் இருக்குக்கா" என்றேன்.

"மூஞ்சிய இன்னாத்துக்கு சார் பாக்கணும்? யார் வந்தாலும் அது சிரிச்சி வெக்கும். காலுக்கு அதெல்லாம் தெரியாது. நைனாவுக்கு எத்தினி வருசமா சுகரு?"

அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வாய் கோணியிருந்தாலும் அதிகாரம் கோணவில்லை. "நான் உனக்கு நைனாவா?" என்று குழறினார்.

"பின்ன இன்னா, மச்சானா?"

அப்பா நான்கு மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதி முகம் மட்டுமே கலந்துகொண்டது.

இரண்டு வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். தினமும் சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் அப்பாவின் கால்களைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, குதிகாலுக்கு எண்ணெய் தடவுவார். அப்பாவுக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் அவருக்குச் சம்பளம் தவிர எதையாவது கொடுக்க முடிந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். முடியவில்லை. அவர் வாங்க மாட்டார்.

என் மனைவி காபி கொடுத்தால், பையிலிருந்து சொந்த டம்ளரை எடுத்து அதில் ஊற்றிக்கொள்வார். குடித்ததும் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொள்வார். என் மனைவிக்கு வருத்தம். "எங்க வீட்டு டம்ளர்ல குடிக்க மாட்டீங்களாக்கா?"

"கோச்சிக்காத. நா வேல செஞ்ச வூட்ல எல்லாம் எனக்குன்னு தனியா ஒரு டம்ளர் எடுத்து வெப்பாங்க. மேல, பரண் மேல. அத அவங்க எடுக்கறதும், எடுக்கறப்ப நா வேற எங்கியோ பாக்கற மாரி நிக்கறதும்... பேஜாரு. அதான் நானே கொண்டாந்துகினு கீறேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி."

ஒருநாள் நல்ல மழை. பேருந்து நிறுத்தத்தில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். ஸ்கூட்டரை நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொன்னேன்.

"நீ போ சார். அதோ பஸ்சு வந்துகினு கீது."

கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மழைதான் வந்துகொண்டிருந்தது. பேருந்து நாற்பது நிமிடம் கழித்து வந்தது. எதிர்த்த டீக்கடையில் ஒதுங்கி நின்று பார்த்தேன். நான் அங்கே நிற்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் கடைசிவரை ஒருவரையொருவர் பார்க்காதவர்களாகவே நின்றோம்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பன் ஊராங்க நெலத்துல நட்டாரு. வருசம் பூரா அவங்க கையில வாங்கித்தான் துன்னாரு. நெல்லும் வாங்குனாரு, ஒதையும் வாங்குனாரு. எங்க வூட்டுக்கு அது போதும் சார். நா குடுக்கற கையாவே இருந்துட்டுப் போறேன்."

அப்பா இறந்தபோது உடலைக் குளிப்பாட்ட வந்தவர்களை விலக்கிவிட்டுக் கால்களை மட்டும் அவரே கழுவினார். பதினாறாம் நாள் என் மனைவி ஒரு பட்டுச்சேலையை நீட்டினாள். "சம்பளந்தான் குட்த்துட்டீங்களே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நன்றி சொல்ல வழியில்லாமல் நிற்பது ஒரு மாதிரியான அஜீரணம். எனக்கு அது இரண்டு வருடம் இருந்தது.

அப்போதுதான் பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று ரோமாபுரியிலிருந்து அனுமதி வந்தது. எங்கள் பங்கின் புதிய ஃபாதர் இளைஞர். பன்னிரண்டில் ஆறு பேர் பெண்களாக இருக்கட்டும், எல்லா அன்பியத்திலிருந்தும் வரட்டும் என்றார். அன்பியம் என்பது பங்கின் தெருப்பிரிவு. அக்கா இருந்த காலனிக்கு ஒன்று, எங்கள் அலுவலகக் குடியிருப்புக்கு ஒன்று என்று இருக்கும். கையெழுத்து நன்றாக இருந்த ஒரே குற்றத்துக்காக நான் பங்குப் பேரவையின் செயலாளர். பட்டியலில் முதல் பெயராக அவர் பெயரை எழுதினேன். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார் என்று தெரியும். என் நன்றி எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. காலனிப் பெண் ஒருவரை முதலில் எழுதியவன் என்று நாலு பேர் என்னைப் பற்றிச் சொல்வார்கள் என்பதும் மனத்தின் ஓர் ஓரத்தில் இருந்தது. ஓரத்தில்தான். ஆனால் வசதியாக உட்கார்ந்திருந்தது.

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கில் பட்டியலைப் படித்தேன். கையில் ஓலையோடு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பின் தூண் பக்கம் பார்த்தார்கள். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பேர எடு சார்."

"ஏன்க்கா?"

"நா கழுவுற ஆளு. கழுவிக்கற ஆளு இல்ல. எடு."

"பேதுருவும் இப்படித்தான், என் காலைத் தொடவே விடமாட்டேன்னு அடம் பிடிச்சாரு. ஆண்டவர் விட்டாரா?"

"பேதுருக்கு இன்னா சார், கடல்ல நின்ன காலு. உப்புத்தண்ணி பட்டுப் பட்டு நல்லாருந்திருக்கும்."

"உங்க கால் அதவிட நல்லாருக்கும். அப்பா இருந்திருந்தா உங்களைத்தான் உட்காரச் சொல்லியிருப்பாரு."

அப்பாவை இழுத்திருக்கக் கூடாது. இழுத்தேன். அக்கா கையிலிருந்த ஓலையை மடித்தார். பிறகு கேட்டார்.

"எந்தக் கால் சார் கழுவுவாங்க?"

"வலது கால் மட்டுந்தான். ஏன், இடது கால் கோவிச்சுக்குமா?"

"நெஜமா வலதுதான?"

"முப்பது வருஷமா பார்க்கிறேன்க்கா."

"அப்ப சரி."

கால் பொய் சொல்லாது என்று இரண்டு வருடம் எனக்குப் பாடம் எடுத்தவர், எந்தக் கால் என்று இரண்டு முறை கேட்கிறார். நான் பதிலுக்கு ஒரு நகைச்சுவையைச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனேன். அன்று அவர் இடது காலில் சாக்ஸ் போட்டு, அதன்மேல் ரப்பர் செருப்பு மாட்டியிருந்தார். பார்த்தேன். வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டேன். வெயில் ஒரு காலில் மட்டும் அடிக்காது என்று சொல்கிற புத்தகம் எங்கள் நூலகத்தில் இல்லை.

பெரிய வியாழன் பூசை மாலை ஆறரை மணிக்கு. உன்னதங்களிலே கீதத்தின்போது கோயில் மணி, கை மணி எல்லாவற்றையும் சேர்த்து அடிப்பார்கள். அதோடு சரி, சனிக்கிழமை உயிர்ப்புப் பூசைவரை மணிக்கு வாயில்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். கூட்டம் உள்ளே கொள்ளாமல் வெளியே பந்தல் போட்டு, வேப்ப மரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். நான் பீடத்தின் ஓரம் மைக் முன்னால். இடையிடையே சடங்குகளுக்கு விளக்கம் சொல்வது என் வேலை.

அக்கா சீக்கிரமே வந்து சுவரை ஒட்டிய கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இடது கால் சுவர்ப்பக்கம். வெளுத்து மடித்த சேலை தரையைத் தொட்டுக் கிடந்தது.

ஃபாதர் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் ஆளின் முன்னால் மண்டியிட்டார். வலது பாதத்தைக் கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார். பிறகு இடது பாதத்தையும் எடுத்தார். முப்பது வருடமாக நான் பார்த்த ஃபாதர்கள் எல்லாம் மூட்டுவலிக்காரர்கள். இவர் இளைஞர். ஆண்டவர் என்ன ஒரு காலோடு நிறுத்திக்கொண்டாரா என்று பிற்பாடு என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

அக்கா என்னைப் பார்த்தார். பதினோரு பேருக்கு அப்பாலிருந்து பார்த்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து, தைரியமாக இருங்கள் என்பதுபோலத் தலையாட்டினேன். புன்னகையும் செய்தேன்.

ஃபாதர் அவரிடம் வந்து வலது பாதத்தைக் கழுவி முடித்தார். இடது பாதத்துக்காகக் கையை நீட்டினார்.

"போதும் சாமி."

பணிவு என்று எடுத்துக்கொண்ட ஃபாதர் சிரித்துக்கொண்டே சேலை விளிம்புக்குக் கீழே கையைக் கொண்டுபோனார். அக்கா சட்டென்று எழுந்தார். தாம்பாளம் சரிந்து தண்ணீர் விரிப்பில் ஓடியது. பக்கவாட்டு வாசல் வழியாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வெளியே போய்விட்டார்.

கோயிலில் முணுமுணுப்பு கிளம்பியது. நிலைமையைச் சமாளிக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மைக்கில் சொன்னேன்: "பேதுரு இரண்டாயிரம் வருடமாக மாறவே இல்லை. சேலைதான் கட்டியிருக்கிறார்."

கோயிலே சிரித்தது. ஃபாதர் சிரித்தார். பந்தலில் சிரித்தார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன நகைச்சுவைகளில் அவ்வளவு பெரிய சிரிப்பை வாங்கியது வேறு எதுவும் இல்லை.

மறுநாள் பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட அவர் வரவில்லை. குடியிருப்புப் பெண்கள், "சாமி கையையே தட்டிவிட்டுப் போனாளே, என்ன திமிர்" என்றார்கள். காலனியில் வேறுவிதமாகப் பேசிக்கொண்டார்கள். பாடற்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "இன்னா சார், மொத மொதல்ல எங்காள ஒக்கார வெச்சிட்டு, அத்த வெச்சே காமெடி பண்ணிட்ட?"

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். என் முடிவுகள் உறுதியானவை, ஆனால் சோம்பேறிகள். ஈஸ்டர் முடியட்டும் என்றேன். ஈஸ்டர் முடிந்ததும் நூலகத்தில் புத்தகச் சரிபார்ப்பு. பிறகு வெயில். ஒருமுறை போன் செய்தேன். "நல்லாக்கீறேன் சார். பஸ்ல கீறேன், வெச்சிர்றேன்" என்றார். பேருந்துச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மழையில் வராத பேருந்தைக் காட்டியவர்தானே என்று சிரித்துக்கொண்டு நானும் வைத்துவிட்டேன்.

ஆறாவது வாரம் அவருடைய மகள் கூப்பிட்டாள். கடப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்த பெண். "அம்மா செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில கீறாங்க அண்ணா. கால எடுத்துட்டாங்க. முட்டிக்குக் கீழ."

நான் போனது அறுவை நடந்து நான்காம் நாள். மகள் வராந்தாவிலேயே என்னை நிறுத்திச் சொன்னாள். தவக்காலத்துச் சிலுவைப்பாதையில் வெறுங்காலோடு நடந்தபோது இடது காலில் ஆணி ஏறியிருக்கிறது. அவருக்கும் சர்க்கரை. பெரிய வியாழனை ஒட்டி வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது விஷம் மேலே ஏறிக் காய்ச்சல் இறங்கவில்லை. அதற்கு மூன்றாம் நாள் அக்கா இறந்துபோனார். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மாலை மட்டும்.

கட்டிலில் சின்னதாகத் தெரிந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியில் படிந்துபோயிருந்தது.

"வா சார். ஒக்காரு. ஸ்டூல நானே இழுத்துப் போட்டிருப்பேன், கோச்சிக்காத."

மன்னிப்புக் கேட்கத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "ஊரான் கால் எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களேக்கா. உங்க கால..." என்றேன்.

"பாத்தேன் சார். தெரியாமயா? புண்ணோட வர்றவள எவ வூட்ல சேப்பா? படுத்துக் கெடக்கறவங்கள தொட விடுவாங்களா? வேல போச்சின்னா அப்புறம் யார் கையிலனா வாங்கித்தான் துன்னணும். ஈஸ்டர் போவட்டும், யாருக்கும் தெரியாம பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"நானாவது வலது கால்னு சொல்லாம இருந்திருந்தா..."

"ஒன் மேல தப்பில்ல. நீ பாத்தத சொன்ன." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒண்ணு சொல்றேன். அன்னிக்கி நா வூட்டுக்குப் போகல சார். சாமி கைய கொண்டாந்தாரு பாரு, அப்ப தோணிச்சி, இதுக்கு மேல மறைக்க முடியாதுன்னு. கோயிலுக்கு வெளிய கொழாயாண்ட நின்னுகினு இருந்தேன். பூச முடிஞ்சி நீ வருவ, ஒன்னாண்ட கால காட்டலாம்னு. நைனாவுக்கு எல்லாம் பாத்தவன், எங்க போணும், யாரப் பாக்கணும்னு சொல்லுவன்னு."

"மைக்ல நான் சொன்னது கேட்டுதா?"

"கேட்டுச்சே. நல்லாத்தான் சார் இருந்துச்சி. நானே சிரிச்சிட்டேன்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"அப்புறமும் நின்னீங்களா?"

"பூச முடியற மட்டும் நின்னேன். நீ வெளிய வந்த. நாலஞ்சி பேரு சுத்தி நின்னு ஒன் கைய குலுக்கிகினு இருந்தாங்க. நீ அத்த மறுபடி அவங்களுக்குச் சொல்லிக் காட்டிகினு இருந்த. சரி, சந்தோசமா கீறாப்ல, இப்ப போயி புண்ணு கிண்ணுன்னு இன்னாத்துக்குன்னு..."

"கூப்பிட்டிருக்கலாமேக்கா. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா..."

"கூப்ட்டேன் சார்."

நான் அவரைப் பார்த்தேன்.

"ஒருவாட்டி கூப்ட்டேன். மெதுவாத்தான் கூப்ட்டேன். எனக்குக் கூப்ட்டுப் பழக்கம் இல்லல்ல."

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி தண்ணீர், தண்ணீர் என்று முனகிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார்.

"கேக்குது பாரு சார். எய்ந்து குடு."

எழுந்து கொடுத்தேன்.